வீட்டில் கிரனோலா: கோலாலம்பூர், பினாங்கு சமையலறைகளுக்கான கேள்வி பதில்

கிரனோலாவும் மியூஸ்லியும் ஒன்றுதானே?

இல்லை. மியூஸ்லி வேகாத, வறுக்காத கலவை. பாலிலோ தயிரிலோ ஊறவைத்துச் சாப்பிடுவது. சுவிட்சர்லாந்து மருத்துவர் பிர்ச்சர்-பென்னர் 1900 வாக்கில் பரப்பியது. கிரனோலாவில் ஓட்ஸுடன் எண்ணெயும் இனிப்பும் சேர்த்து ஓவனில் சுடுகிறோம். மொறுமொறுப்பும் அதனால்தான், கூடுதல் கலோரியும் அதனால்தான்.

கடையில் விற்பதைவிட வீட்டில் செய்தது உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா?

தராசு வைத்துச் செய்தால் நல்லது. கண்ணளவில் தேனை ஊற்றினால் கடைச் சரக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கடையில் பொட்டலத்தைத் திருப்பி, 100 கிராமில் எவ்வளவு சீனி என்ற வரியைப் பாருங்கள். 20 கிராமைத் தாண்டுவது சாதாரணம். பொருள் பட்டியலில் சீனி, குளுகோஸ் சிரப், தேன் என்று இனிப்பைப் பிரித்துப் பிரித்துப் போட்டிருப்பார்கள். எடை வரிசைப்படி எழுதுவதால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு தெரியும். கீழே உள்ள அளவில் நாம் சேர்க்கும் இனிப்பு 100 கிராமுக்குச் சுமார் 9 கிராம்.

இனிப்பு குறைந்தாலும் இது லேசான உணவில்லை. 100 கிராமுக்கு ஏறத்தாழ 500 கலோரி. ஒரு வேளைக்கு 45 கிராம், அதாவது அரை கோப்பைக்குச் சற்றுக் குறைவு, சுமார் 220 கலோரி. பசியாறும்போது சோளச்சீவல் போடுவதுபோல் கிண்ணம் நிறையப் போட்டுப் பால் ஊற்றினால் 120 கிராம் சுலபமாக உள்ளே போய்விடும். 600 கலோரி! பாலைச் சேர்க்காமலே.

சரி, அளவு சொல்லுங்கள்.

ஏறத்தாழ 700 கிராம் கிரனோலாவுக்கு (15 வேளை வரும்):

ரோல்ட் ஓட்ஸ் 300 கிராம்
பாதாம் 60 கிராம், இரண்டு மூன்றாக நறுக்கியது
முந்திரி 60 கிராம், பாதியாக உடைத்தது
பூசணி விதை 40 கிராம், சூரியகாந்தி விதை 30 கிராம், வெள்ளை எள் 20 கிராம்
சீவிய உலர் தேங்காய் 30 கிராம்
குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 70 கிராம், தண்ணீர் 2 மேசைக்கரண்டி
எண்ணெய் 60 மில்லி
முட்டை வெள்ளைக்கரு 1
உப்பு அரை தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒன்றரை தேக்கரண்டி, ஏலத்தூள் அரை தேக்கரண்டி
உலர் திராட்சை 60 கிராம் (இது ஓவனுக்குள் போகாது)

உப்பை விட்டுவிடாதீர்கள். உப்பில்லாத கிரனோலா இனிப்புக் குறைவாகத் தெரியும். உடனே அடுத்த முறை கை இனிப்பைக் கூட்டும்.

செய்முறை?

ஓவனை 150 டிகிரியில் சூடாக்குங்கள். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 130 போதும். குலா மலாக்காவைக் கத்தியால் சீவி, தண்ணீர் விட்டுச் சிறு தீயில் கரையுங்கள். கொதித்துக் கெட்டியாக வேண்டியதில்லை, கரைந்தால் சரி. கட்டாயம் வடிகட்டுங்கள், நார், தூசி, சில நேரம் மணல்கூட இருக்கும். சூடாக இருக்கும்போதே எண்ணெய், உப்பு, பட்டை, ஏலம் கலந்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். அதற்குப் பிறகுதான் நுரை வர அடித்த வெள்ளைக்கரு. கொதிக்கும் பாகில் ஊற்றினால் அது வெந்து வெள்ளை நூலாகத் திரிந்துவிடும்.

ஓட்ஸ், பருப்பு, விதைகள் மேல் இதை ஊற்றிக் கையாலேயே பிசறுங்கள். அடியில் காய்ந்த ஓட்ஸ் தங்காமல் ஒவ்வொரு செதிலும் பளபளக்க வேண்டும். பேக்கிங் தாள் விரித்த தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தட்டையான கரண்டியால் அழுத்துங்கள். ஒரே தட்டில் மலைபோல் குவித்தால் மேலே கருகும், நடுவில் ஆவி பிடித்து அவிந்துபோகும். சின்ன ஓவன் என்றால் இரண்டு தடவையாகச் சுடுங்கள்.

15 நிமிடத்தில் தட்டின் முன்பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வையுங்கள். 25 நிமிடத்தில் தேங்காய்ச் சீவலை மேலே தூவுங்கள். முதலிலேயே போட்டால் மற்றவை வேகுமுன் அது கருகிவிடும். மொத்தம் 32 முதல் 38 நிமிடம்.

வெந்துவிட்டதா என்பதைத் தட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. சூட்டில் பாகு இளகி இருக்கும், எல்லாமே மெத்தென்றுதான் தெரியும். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பாட்டுத் தட்டில் வைத்து மூன்று நிமிடம் ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். மொறுக்கென்றால் அடுப்பை அணைக்கலாம். நடுவில் பசை ஒட்டினால் இன்னும் 5 நிமிடம். அணைத்த பிறகும் தட்டை வெளியே எடுக்காமல், கதவில் மரக்கரண்டி ஒன்றைச் சொருகி லேசாகத் திறந்த நிலையில் 20 நிமிடம் உள்ளேயே விடுங்கள். எஞ்சிய ஈரம் இந்த வெதுவெதுப்பில் போகும். நம் ஊர் காற்றுக்கு இந்த 20 நிமிடம்தான் உயிர்.

எந்த ஓட்ஸ் வாங்குவது?

பொட்டலத்தில் ரோல்ட் ஓட்ஸ் என்று இருப்பது, முழுச் செதிலாக, கனமாக. குவிக் குக் வகை அவசரத்துக்குப் பரவாயில்லை; செதில் மெல்லியது என்பதால் 5 நிமிடம் முன்னதாகவே சிவந்துவிடும். இன்ஸ்டன்ட் வகை வேண்டாம். அதன் தூள் பாகைக் குடித்துக் களிபோல் ஒட்டும், சுட்டால் மாவாக உதிரும். வெட்டு ஓட்ஸ் பல்லை உடைக்கும்.

கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட ஓட்ஸைத்தான் வாங்க வேண்டும். ஓட்ஸில் இயல்பாக அது இல்லாவிட்டாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும்.

குலா மலாக்கா, தேன், வெல்லம்: எது ஆரோக்கியம்?

மூன்றும் சீனிதான். குலா மலாக்காவில் பெரும்பகுதி சுக்ரோஸ், கிராமுக்கு 4 கலோரி, வெள்ளைச் சீனி மாதிரியே. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். தேனும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஆனால் மொறுமொறுப்பில் வித்தியாசம் உண்டு. தேனில் ஃபிரக்டோஸ் அதிகம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், சீக்கிரம் கருகவும் செய்யும். தேன் போட்ட கிரனோலா இங்கே ஒரு வாரத்திலேயே பிசுபிசுக்கும். குலா மலாக்காவும் வெல்லமும் கூடுதல் நாள் தாங்கும், வாசமும் ஆழம். தேன்தான் வேண்டுமென்றால் 75 கிராம் போட்டு, தண்ணீரை விட்டுவிட்டு, 140 டிகிரியில் சுடுங்கள்.

சந்தையில் விற்கும் குலா மலாக்கா உருளைகளில் கரும்புச் சீனி கலந்தவை நிறைய. பொருள் பட்டியலைப் படித்து வாங்குங்கள்.

சீனியே இல்லாமல், வாழைப்பழம் அல்லது பேரீச்சம்பழம் போட்டுச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வேறு பண்டம் கிடைக்கும். இரண்டு பிசாங் மாஸ் பழத்தை மசித்துச் சேர்த்தால் கூடவே தண்ணீரும் சேர்கிறது. 130 டிகிரியில் 55 நிமிடம்வரை ஆகும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பேரீச்சை 80 கிராமை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் கட்டி நன்றாகப் பிடிக்கும். நோன்பு மாதத்தில் வாங்கி மிஞ்சிய பழத்துக்கு நல்ல வழி.

எண்ணெய் அவசியமா? எந்த எண்ணெய்?

எண்ணெய் இல்லாமல் சுட்டால் ஓட்ஸ் காய்ந்த உமியாக இருக்கும். 60 மில்லியை 45 ஆகக் குறைக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். தினமும் சாப்பிடுவதாக இருந்தால் கனோலா, சூரியகாந்தி, கடலை எண்ணெய் ஏதாவது ஒன்று. தேங்காய் எண்ணெய் வாசம் அருமைதான். அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிடுபவர்கள் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் மற்ற வாசத்தை எல்லாம் அமுக்கிவிடும்.

மேசை ஓவனில் ஓரம் கருகி நடு வேகவில்லை. ஏன்?

சின்ன ஓவனில் சூடாகும் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, திருகு காட்டும் எண்ணும் உண்மைச் சூடும் 20, 30 டிகிரி வித்தியாசப்படும். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். பேக்கரிச் சாமான் கடைகளில் கிடைக்கும். தட்டைக் கீழ் வரிசையில் வைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் தள்ளுங்கள். இப்படித் தள்ளினால் கட்டி குறையும். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் வாங்கும். 10 டிகிரி குறையுங்கள்.

கருகியதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று நினைக்கத் தோன்றும். எள்ளும் பட்டைத்தூளும் கருகியிருந்தால் கசப்பு எல்லாவற்றிலும் ஏறியிருக்கும், போகாது.

ஓவன் இல்லை. ஏர் ஃபிரையரில் முடியுமா? குவாலியில் (வாணலியில்)?

ஏர் ஃபிரையரில் முடியும். ஒரு தடவைக்கு 180 கிராம் கலவை, 140 டிகிரி, 12 முதல் 15 நிமிடம், 4 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறல். கலவை போடாமல் தாளை மட்டும் வைத்துச் சூடாக்காதீர்கள். காற்றில் பறந்து மேலே உள்ள கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கும். எள்ளும் தேங்காயும் பறக்கும் என்பதால் அவற்றைத் தனியே வாணலியில் வறுத்துக் கடைசியில் கலக்கவும்.

குவாலியில் செய்ய வெள்ளைக்கரு வேண்டாம். பருப்பு வகைகளைச் சிறு தீயில் 5 நிமிடம் வறுத்து எடுத்துவையுங்கள். 200 கிராம் ஓட்ஸை ரவை வறுப்பதுபோல் கைவிடாமல் 8 முதல் 10 நிமிடம், வாசம் வரும்வரை வறுத்து அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு 45 கிராம் குலா மலாக்கா, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் வைத்துப் பாகு காய்ச்சுங்கள். இங்கே பதம் முக்கியம். ஓவனைப்போல் பின்னால் உலர்த்தித் தர எதுவும் இல்லை, ஆகவே பாகு இளம்பதத்தில் இருந்தால் கிரனோலா என்றைக்கும் பிசுபிசுப்புதான். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருட்ட வர வேண்டும், உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். பொரி உருண்டைக்குப் பிடிக்கும் அதே பதம். இரண்டரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, வறுத்த எல்லாவற்றையும் கொட்டி 3 நிமிடம் புரட்டித் தட்டில் பரப்புங்கள். கட்டி கட்டியாக வராது, உதிரியாகத்தான் இருக்கும். சுவையில் குறையில்லை.

கட்டி கட்டியாக வரவே இல்லையே?

பெரும்பாலும் கிளறியதுதான் காரணம். கட்டி வேண்டுமென்றால் அழுத்திப் பரப்பிய பிறகு கிளறக் கூடாது, ஆறி முடியும்வரை தொடவும் கூடாது. பாகு இறுகுவது சூடு ஆறும்போதுதான். முழுதும் ஆறியபின் அப்பளம்போல் உடைத்து எடுங்கள். இதையெல்லாம் செய்தும் உதிர்ந்தால், 30 கிராம் ஓட்ஸை மிக்சியில் மாவாக்கிக் கலவையில் சேருங்கள். செதில்களுக்கு இடையே அது ஒட்டும் பசையாக வேலை செய்யும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கும் புரட்டாசி விரதக்காரர்களுக்கும்: கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான தண்ணீர் 2 மேசைக்கரண்டி, நுரை வர அடித்து ஊற்றினால் வெள்ளைக்கருவின் இடத்தை அப்படியே பிடிக்கும். உப்புப் போடாமல் வேகவைத்ததாக இருக்கட்டும்.

இரண்டே நாளில் நமத்துப்போகிறது. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இது. வெளிநாட்டுக் குறிப்புகளை வைத்துச் செய்பவர்கள் இங்கே தோற்பதும் இந்த இடத்தில்தான். சுட்ட கிரனோலாவில் ஈரம் மிகக் குறைவு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். திறந்து வைத்த தட்டு அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். "இரவு முழுவதும் தட்டிலேயே ஆறவிடுங்கள்" என்று குளிர்நாட்டுக் குறிப்பில் இருந்தால் அதைப் பின்பற்றாதீர்கள். ஓவனிலிருந்து எடுத்த 40 நிமிடம், ஒரு மணி நேரத்துக்குள் ஜாடிக்குள் போய்விட வேண்டும். அதே சமயம் வெதுவெதுப்பாக அடைத்தாலும் மூடியில் நீர் முத்துக் கட்டும். அடித்தட்டைப் புறங்கையால் தொட்டால் சூடே தெரியக் கூடாது.

அடுத்து ஜாடி. தீபாவளிப் பலகாரத்துக்கும் நோன்புப் பெருநாள் பிஸ்கட்டுக்கும் வாங்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் ஜாடி காற்றுப் புகாதது அல்ல. மூடியைச் சுற்றி செலோடேப் ஒட்டி விற்பதே அதனால்தான். டேப்பைப் பிரித்த நாளோடு அந்தக் காவல் போயிற்று. ரப்பர் வளையமும் கொக்கியும் உள்ள கண்ணாடி ஜாடி அல்லது நான்கு பக்கமும் பூட்டும் டப்பா வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து மூடி, தண்ணீரில் ஒரு நிமிடம் கவிழ்த்து அமுக்குங்கள். தாள் காய்ந்திருந்தால் தேறியது.

பெரிய ஜாடி ஒன்றைத் தினமும் திறப்பதைவிட, ஒரு வாரத்துக்கான 300 கிராமை வெளியே வைத்துக்கொண்டு மீதியை ஜிப் பையில் காற்றைப் பிதுக்கி ஃபிரீசரில் போடுங்கள். வெளியே இரண்டு மூன்று வாரம், ஃபிரீசரில் மூன்று மாதம் இருக்கும். ஃபிரீசரிலிருந்து எடுத்ததை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த கிரனோலா மேல் ஈரக்காற்று பட்டால் வேர்த்துவிடும். கரண்டியும் காய்ந்ததாக இருக்கட்டும், தயிர் தொட்ட கரண்டி உள்ளே போகக் கூடாது.

நமத்ததைக் குப்பையில் போட வேண்டாம். திராட்சையைப் பொறுக்கிவிட்டு 140 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழையபடி மொறுமொறுக்கும்.

திராட்சை ஏன் ஓவனுக்குள் போகக் கூடாது? ஜாடியிலும் கலக்கக் கூடாதா?

ஓவனில் போட்டால் ஊதிப் பெருத்து, ஆறியதும் கல்லாகிவிடும். ஜாடியில் கலந்தால் வேறு தொல்லை. உலர் திராட்சையில் சுமார் 15 விழுக்காடு ஈரம் இருக்கிறது. மூடிய ஜாடிக்குள் அது மெல்ல ஓட்ஸுக்கு நகரும். பத்து நாளில் திராட்சை இறுகி, ஓட்ஸ் இளகியிருக்கும், இரண்டுக்கும் நஷ்டம். பழத்தைத் தனி டப்பாவில் வைத்து, சாப்பிடும்போது கிண்ணத்தில் தூவிக்கொள்ளுங்கள்.

பினாங்கு சௌரஸ்தா சந்தையில் விற்கும் ஜாதிக்காய்த் தோல் இனிப்பைப் பொடியாக நறுக்கிப் போட்டால் தனி ருசி. சீனியில் ஊறியது, ஒரு கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

ஒரு மாதிரி சிக்கு வாசம் வருகிறது. கெட்டுவிட்டதா?

ஆம். பருப்பில் உள்ள எண்ணெய் காற்றும் சூடும் பட்டுச் சிக்கடித்துவிட்டது. திரும்பச் சுட்டால் போகாது. பெரும்பாலும் வாங்கும்போதே பழையதாக இருந்திருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, பினாங்கு லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் எடை போட்டு வாங்கும்போது முந்திரியில் ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர்கள் மறுப்பதில்லை. அக்ரூட்டும் பொடித்த ஆளி விதையும் எல்லாவற்றிலும் முதலில் கெடும். ஆளியை முழுதாக வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து, அன்றன்றைக்குப் பொடித்துக் கிண்ணத்தில் தூவுவதே சரி.

இனிப்புநீர் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது, செய்கிற வீட்டிலேயே ஒருவர் இருக்கக்கூடும். குலா மலாக்காவை 35 கிராமாகக் குறைத்து, திராட்சையை விட்டு, பருப்பை 40 கிராம் கூட்டுங்கள். 30 கிராம் மட்டும் எடுத்து, சீனி சேர்க்காத கெட்டித் தயிருடன் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள்; ஒத்துக்கொள்கிறதா என்பதை அந்த எண்தான் சொல்லும். மருந்து, இன்சுலின் அளவு பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மைலோவும் கிரனோலாவும் ஒரே வேளையில் வேண்டவே வேண்டாம்.

ஓட்ஸ் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று நம்பி இதைச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு கணக்கு: அந்தப் பலனுக்கு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து வேண்டும். ஓட்ஸில் அது சுமார் 4 விழுக்காடு. 45 கிராம் கிரனோலாவில் இருப்பது 20 கிராம் ஓட்ஸ்தான். ஒரு கிராம்கூடத் தேறாது. அதற்கு ஓட்ஸ் கஞ்சியே மேல்.

சிறு பிள்ளைகளுக்கு?

ஒரு வயதுக்குக் கீழே தேன் சேர்த்த எதுவும் கூடாது, சுட்டதாக இருந்தாலும். ஐந்து வயதுக்குக் கீழே முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், பொடித்துச் சேருங்கள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் முன் வகுப்பில் கச்சாங் (நிலக்கடலை), பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

இனிப்பே பிடிக்காதவர்களுக்குக் கார வகை உண்டா?

உண்டு, சொல்லப்போனால் நம் நாக்குக்கு அதுதான் பொருத்தம். 200 கிராம் ஓட்ஸ், தோலோடு 80 கிராம் நிலக்கடலை, 30 கிராம் பூசணி விதை, 45 மில்லி கடலை எண்ணெய், ஒரு வெள்ளைக்கரு, முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரை தேக்கரண்டி சீரகத்தூள், பெருங்காயம் ஒரு சிட்டிகை. 140 டிகிரியில் 30 நிமிடம். கடைசி 8 நிமிடத்தில் இரண்டு கொத்துக் கறிவேப்பிலையும் 40 கிராம் பொட்டுக்கடலையும். கறிவேப்பிலையைக் கழுவியிருந்தால் துணியில் ஒற்றி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். இலையில் தங்கிய ஈரமே மொத்தத்தையும் நமத்துவிடப் போதும். தயிர்சாதத்தின் மேலோ வெள்ளரி சாலட்டின் மேலோ தூவிச் சாப்பிடலாம்.

வீட்டில் செய்து விற்கலாமா?

உணவைக் கையாள்பவர்களுக்கான பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். 1985 உணவு ஒழுங்குமுறைப்படி லேபிளில் பொருள் பட்டியல், எடை, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வாமை தரும் பருப்பு, முட்டை, எள் ஆகியவற்றைத் தெளிவாகப் போடுங்கள். உரிமம் பற்றி உங்கள் மாநகர் மன்றத்தில் கேளுங்கள்.

விலை வைக்கும்போது ஓட்ஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். செலவில் பெரும்பகுதி பாதாமும் முந்திரியும்தான். பிறகு மின்சாரம், நல்ல மூடியுள்ள ஜாடி. சிவப்பு மூடி ஜாடியில் போட்டு விற்றால் இரண்டாம் வாரம் புகார் வரும்.